பூட்டிய முதலெழுத்து

என் கலியாணத்துக்கு வந்த பரிசுகளில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. சுற்றியிருந்த தாளின் மேல், அப்பாவின் முதலெழுத்தை விட்டு என் கணவரின் முதலெழுத்தைப் போட்டு, என் பெயரை வடிவாக எழுதியிருந்தவர் எங்கள் மேலாளர். தாலி ஏறி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. கலியாணம் கட்டினால் எங்கள் பெண்களின் முதலெழுத்து மாறும் என்பது அந்த மனுசனுக்குத் தெரியாது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

வேலணையில், கனடாவில் இருக்கிற ஒருவரின் வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்த மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. மேலாளரை அண்ணை என்போம். அவருடைய பெருமையெல்லாம் ‘அச்சு’தான். என்னென்ன விபரம் வேண்டும், எது எதோடு சேரும் என்று ஒரு மாதிரிப் படிவத்தில் எழுதிக்கொடுத்தால் போதும். பதிவது, தேடுவது, திருத்துவது எல்லாவற்றுக்கும் முன்பே செய்துவைத்த அச்சுகளிலிருந்து கணினியே திரைகளை ஆக்கிவிடும். நல்ல வேலைமுறைதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அண்ணையின் அச்சு தெற்கில் ஓர் உதிரிப்பாகக் கடைக்காகச் செய்தது. அதில் பெயர்ப் பெட்டியை ஒருமுறை நிரப்பினால் பூட்டிக்கொள்ளும். உதிரிப்பாகம் கலியாணம் கட்டுவதில்லை. அதை அப்படியே தூக்கி, நெடுந்தீவில் ஒரு தரும மருந்தகத்தின் நோயாளர் பதிவுக்கு வைத்தார்.

“அண்ணை, கலியாணம் கட்டின பொம்பிளையளின்ர முதலெழுத்து மாறுமெல்லோ? பெட்டி பூட்டியிருந்தால் என்னெண்டு மாத்திறது?” என்று கேட்டேன்.

“புதுப் பதிவொண்டு போடச் சொல்லும். உமக்காக அச்சை உடைக்க ஏலாது.”

திரும்பிப் போய் என் கதிரையில் இருந்து, பூட்டிய பெட்டியோடேயே வேலையை முடித்தேன். மருந்தகத்துத் தாதியையும் அப்படியே பழக்கினேன்.

சில மாதங்களில், புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு பெண்ணைக் கடும் காய்ச்சலோடு அங்கே கொண்டுபோனார்கள். பெனிசிலின் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை, அப்பாவின் முதலெழுத்தில் இருந்த பழைய பதிவில் கிடந்தது. அரை மயக்கத்தில் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. கணவன் தன் முதலெழுத்தோடு சொன்ன பெயரில் தாதி தேடினார், இல்லை. புதுப் பதிவு போட்டார். எச்சரிக்கைக் கட்டம் வெறுமையாக இருந்தது. பெனிசிலின் ஊசி போட்டார்கள். முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்தவளைப் படகில் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள். எப்படியோ உயிர் தப்பினாள்.

அண்ணை அறிக்கை எழுதினார்: பாவனையாளர் தவறு, அதாவது பதிவு போட்ட தாதியின் பிழை. கீழே என்னையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். தாதியை வேலையால் நிறுத்தினார்கள்.

“தங்கச்சி, நீர் காட்டித் தந்தமாதிரித்தானே செய்தனான்?” என்று தாதி தொலைபேசியில் கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. பிழை அச்சில் இருக்கிறது, எங்களுக்கு முன்பே தெரியும் என்று மருந்தகத்துக்குக் கடிதம் எழுதி, பிரதியை அண்ணையின் மேசையில் போட்டேன். “நீர் இனி வரத் தேவையில்லை” என்றார். இப்போதும் மேடைகளில் அச்சின் அருமையைப் பேசித் திரிகிறாராம். பேசட்டும். நான் அவரை மன்னிக்கப்போவதில்லை.

தாதியைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். பார்ப்பதற்காகப் படகேறிப் போனேன்.

“ஓம், கடிதம் பாத்தனான்,” என்றார். “அதுக்கு முதல் வைச்ச கையெழுத்தையும் பாத்தனான்.”

கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லவில்லை.