பளபளப்பை அமுக்கும் பவுடர்

கல்யாணப் பெண்ணுக்கு முகம் வேர்த்தால் யாரும் வெயிலைத் திட்டமாட்டார்கள், கரண்ட் போனதைத் திட்டமாட்டார்கள், மேக்கப் போட்டவளைத்தான் திட்டுவார்கள். பார்லர் வைத்திருக்கும் சகோதரிகள் இதைப் படித்தால் இப்போதே தலையாட்டியிருப்பார்கள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருத்தாசலம் கடைவீதியில், துணிக்கடை மாடியில் பார்லர் திறந்தவள் நான். வாங்கிய திட்டுக்குக் குறைவில்லை.

மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஃபவுண்டேஷன் என்கிற முகப்பூச்சைப் பூசியதும் முகம் ஈரம் பூத்த மாதிரி மினுக்கும். அதன் மேல் லூஸ் பவுடரைப் பஃப் என்கிற பஞ்சு வில்லையில் எடுத்து ஒற்றி அழுத்தினால் மினுக்கம் அடங்கி மெத்தென்று ஆகிவிடும். லேசாகத் தூவினால் பாதி மினுக்கம் மிஞ்சும். அழுத்தி அழுத்திப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழிலே. அது எனக்குப் பிடிபட்ட லட்சணத்தைக் கேளுங்கள்.

சூளையிலிருந்து வந்த அக்கா

செல்வியக்கா செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தார். பொம்மையைப் பளபளப்புப் பூச்சில் முக்கிச் சூளைக்கு அனுப்புவது அவர் வேலை. தங்கை கல்யாணத்துக்கு மேக்கப் போட என்னைக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஃபவுண்டேஷன் பூசி முடித்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நான் பவுடர் டப்பாவைத் திறந்து நாலு ஒற்று ஒற்றியதும் எழுந்தே விட்டார். "ஏங்க, இந்தப் பளபளப்பு வரணும்னுதான் நாங்க சூளையில அவ்ளோ நெருப்பு எரிக்கிறோம். நீங்க வந்த பளபளப்பை மாவு போட்டு மூடுறீங்களே!"

வீடியோ லைட்டில் முகம் எண்ணெய் வழிகிற மாதிரி தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். காதிலேயே வாங்கவில்லை. கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் போட்ட பவுடரைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கொஞ்சம் மினுக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தங்கையின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்த செல்வியக்கா தீர்ப்புச் சொன்னார்: "ஃபர்ஸ்ட் குவாலிட்டின்னு சொல்ல முடியாது. ஆனா ரிஜெக்ட் ஆவாது, போங்க."

சத்தம் மட்டும் வந்த அழுகை

அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த தம்பி அதோடு விடவில்லை. "அக்கா, பொண்ணு கன்னத்துல என் லைட்டே தெரியுது" என்று பார்க்கும் இடத்திலெல்லாம் குறைபட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்து பெண்ணாடத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக் கல்யாணம். அதே தம்பிதான் வீடியோ. இன்றைக்கு இவர் லைட்டுக்கு வேலையே இருக்கக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், தாடை என்று ஒரு இடம் விடாமல் பவுடரை அழுத்தினேன்.

சாயங்காலம் பெண்ணை அனுப்பும்போது அது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், ஆலைக்குப் போன கரும்பு டிராக்டர்கூட நின்று பார்த்தது. கண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீராக உருண்டு ஓடியது. முகத்தில் ஒரு கோடு இல்லை, திட்டு இல்லை. நான் பெருமையோடு பார்த்தால், தம்பி கேமராவை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, அழுவுற சத்தம் வருது, மூஞ்சில ஒண்ணையும் காணோம். பாக்கறவங்க டப்பிங்குன்னு நெனச்சுக்கப் போறாங்க!"

அழுகைக்கு ஒத்திகை

அவர் கிண்டலாகச் சொன்னது ஊரெல்லாம் பரவி, எனக்கு விளம்பரமாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்டு மங்கலம்பேட்டையிலிருந்து நஸ்ரின் என்ற பெண் தன் பெரியம்மா மகளோடு வந்தாள். "அக்கா, பெண்ணாடத்துப் பொண்ணுக்குப் போட்டீங்களாமே, அழுதாலும் தெரியாத மாதிரி? அதையே எனக்கும் போடுங்க" என்றாள். அவள் அத்தா, அதாவது அப்பா, சவூதியில் வேலை. கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. சிடியில்தான் பார்க்கப் போகிறார். 'நீ அழுது நான் பாத்தா இங்க என்னால இருக்க முடியாது, சிரிச்ச முகமா இரு' என்று ஃபோனில் சொல்லிவிட்டாராம். அழாமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் போதும் என்றாள்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று பவுடரை அழுத்திவிட்டு, "இப்ப அழு" என்றேன். வரவில்லை. பெரியம்மா மகள் கிள்ளினாள். சிரிப்புதான் வந்தது. பேச்சுவாக்கில், "அத்தா கடைசியா எப்ப வந்தாங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். பொலபொலவென்று கொட்டியது. அவளைத் தேற்றுகிற அவசரத்தில் நான் பவுடரைக் கவனிக்கவே மறந்துவிட்டேன். அவள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். "பாஸாயிடுச்சுக்கா! இதையே போட்டுவுடுங்க, அத்தாவுக்கு ஒண்ணுமே தெரியக் கூடாது."

ஃபேன் ஓடிய படம்

நிக்காஹ் அன்று பெண்கள் பக்கம் வெளியாள் கேமரா பிடிக்கக்கூடாது என்று சொல்லி, நஸ்ரினின் தாய்மாமாவே கையடக்கக் கேமராவோடு நின்றார். அதுவரை நஸ்ரின் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். சம்மதம் கேட்க வந்த பெரியவர்கள், "அப்துல் கரீம் மகள் நஸ்ரின் பேகம்" என்று தொடங்கியதும் அத்தா பேரைக் கேட்டு உடைந்துவிட்டாள். நான் மாமாவுக்குக் கைகாட்டினேன். அவர் சட்டென்று கேமராவை மேலே தூக்கினார். நான் புகுந்து டிஷ்யூவால் ஒற்றினேன். துடைத்தால் ஃபவுண்டேஷனும் கூடவே வந்துவிடும். மறுபடி பவுடரை அழுத்திவிட்டு ஒதுங்கினேன்.

ஒரு தடவையோடு முடியவில்லை. அம்மா வந்து நெற்றியில் முத்தம் கொடுத்தபோது, மாலை போட்டபோது, யாரோ வாய் தவறி "அத்தா இருந்திருந்தா" என்று இழுத்தபோது எல்லாம் கேமரா மேலே போகும், நான் உள்ளே போவேன். பஃப் சொதசொதவென்று ஆகி, புதுசு ஒன்றைப் பிரித்தேன். கடைசியில் எடுத்ததை ஓட்டிப் பார்த்த மாமா என்னிடம் திரும்பினார். "இன்னாங்க இது, எங்கக்கா பொண்ணு கல்யாணத்துல ஃபேனுதான் அதிகமா நடிச்சிருக்குது!"

சவூதியிலிருந்து ஒரு ஃபோன்

லீவு முடிந்து போன யாரோ ஒருவர் கையில் சிடி போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை என் செல்லுக்கு நீளமான நம்பரிலிருந்து ஃபோன். நஸ்ரினின் அத்தா. நம்பரை வீட்டில் கேட்டு வாங்கினாராம். "எம் பொண்ணை ராணியாட்டம் ஆக்கிட்டீங்கம்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "முழுசா ரெண்டு வாட்டி பாத்தேங்க. சம்மதம் கேக்குறப்பகூட ஒரு சொட்டு அழலியே. நாந்தான் அழாதேன்னு சொன்னேன், இல்லேங்கல. இருந்தாலும் நான் இல்லாதது அதுக்கு ஒண்ணும் தெரியலியோன்னு..."

என் வாழ்க்கையிலேயே சுத்தமாக அமைந்த மேக்கப் அதுதான். அது ஒரு மனுஷரை இந்தப் பாடு படுத்தியிருக்கிறது. "ஐயோ, அழுதுதுங்க!" என்று கத்தியே விட்டேன். உங்கள் பேரைக் கேட்டதுமே அழுதது, அம்மா முத்தம் கொடுத்தபோது அழுதது, படத்தில் ஃபேன் வரும் இடமெல்லாம் அது அழுத இடம்தான், உங்களுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை, பஃப்பே நனைந்து வேறு எடுத்தேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்ப நல்லாவே அழுதுச்சா? சரிங்கம்மா, அது போதுங்க. நான் இன்னொரு வாட்டி அந்த ஃபேனைப் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் கண்ணுக்குக் கீழே பவுடரைக் கொஞ்சம் குறைத்தேதான் ஒற்றுகிறேன், வீடியோக்காரர் என்னைத் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.