பாய்லர்காரரின் மனைவி சொன்ன பதில்

மூன்றாம் மாடியில் சுவர்கள் எல்லாம் கண்ணாடி. துடைப்பவருக்கு அங்கே வேலை செய்பவர்களின் பழக்கங்கள் தாமாகவே தெரிந்துவிடும். யார் சாய்ந்து நின்று பேசுகிறார்கள், யார் யோசிக்கும்போது நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொள்கிறார்கள் என்பதைக் கறையை வைத்தே சொல்லிவிடுவார். அந்த மாடியில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட வயதில் மூத்த மேலாளருக்கும் அக்காதான். கைபேசியில் குட்டி வீடியோக்களைக் காட்டும் செயலி ஒன்றை அந்த நிறுவனம் தயாரித்துவந்தது.

அக்காவின் கணவர், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் பாய்லர் பார்த்தார். மூட்டை தூக்கும் ஆளாகச் சேர்ந்து, படித்துத் தேர்வெழுதி, பாய்லர்காரர் ஆனவர். அந்த வேலையோடு இரண்டு அறைக் குடியிருப்பும் கிடைத்தது. வேலை போனால் வீடும் போகும் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை. பாய்லர் பழையது. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை அடிக்கடி பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் கையால் வால்வைத் திறக்க வேண்டும். அவர் தவறாமல் நிமிர்ந்து பார்ப்பதைக் கண்ட சக ஊழியர்கள் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தார்கள். கேலிப்பெயர்தான். ஆனாலும் அவர் அதை உள்ளூர ரசித்தார்.

மனைவி வேலை செய்யும் இடத்துச் செயலி என்ற பாசத்தில் அவரும் அதைத் தன் கைபேசியில் ஏற்றிக்கொண்டார். அந்தக் காலத்தில் அது சில வீடியோக்களைக் காட்டிவிட்டு நின்றுவிடும். 'மேலும் பார்க்க' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அடுத்தவை வரும். பொத்தான் வந்ததும் அவர் தலை தூக்குவார், குழாயைப் பார்ப்பார், தண்ணீர் சரியாக இருந்தால் மறுபடி அழுத்துவார். வேலையும் நடந்தது, பொழுதும் போனது.

ஒரு நாள் ஆய்வுப் பிரிவில் இருந்த இளம்பெண் அக்காவைத் தேடி வந்தாள். உளவியல் படித்தவள், அக்கா துடைத்த மேசையில் கோப்பை வைக்கும்போது அடியில் காகிதம் வைக்கும் நல்ல குணம் உள்ளவள். தயாரிப்பு வேலையில் இல்லாத ஒருவர் செயலியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்க்க வேண்டும் என்றாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கேமரா பொருத்திய சிறிய அறையில் உட்கார்ந்தார். வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பூனைக்கு ஒருமுறை சிரித்தார். பிறகு கைபேசியை மேசையில் வைத்துவிட்டார்.

"ஏன்க்கா வெச்சிட்டீங்க? பிடிக்கலையா?"

"பிடிச்சுதும்மா. அதுதான் முடிஞ்சிடுச்சே. பட்டன் வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், அது வந்தாத்தான் தலையத் தூக்குவாரு. இல்லன்னா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அக்காவும் சொன்னார். போகும்போது நிறுவனத்தின் பெயர் பொறித்த பிளாஸ்க் ஒன்றைக் கொடுத்தார்கள். அன்று முதல் கணவர் அதில்தான் வேலைக்கு டீ கொண்டுபோனார்.

நடத்தை உளவியல் படித்தவர்களுக்கு அக்காவின் பதில் புதிதாக இருந்திருக்காது. மனிதர்கள் 'போதும்' என்ற முடிவைத் தாமாக எடுப்பது அபூர்வம். தட்டு காலியாவதும் பக்கம் தீர்வதும் கதவு சாத்தப்படுவதும் அந்த முடிவை அவர்களுக்காக எடுத்துத் தருகின்றன. நிற்க வைக்கும் அந்த இடத்தை அகற்றிவிட்டால் கை தொடர்ந்து போகும். பத்தில் ஒன்று மட்டும் சுவையாக இருந்து, அந்த ஒன்று எப்போது வரும் என்று தெரியாமலும் இருந்தால், கை இன்னும் வேகமாகப் போகும். இவை பாடத்தில் இருந்தவை. அக்கா தந்தது, அறுக்க வேண்டிய இடம் எது என்ற துல்லியம்.

சில வாரங்கள் கழித்து மூன்றாம் மாடியில் கேக் வெட்டினார்கள். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, இந்தப் புதிய வடிவத்துக்கு விதை போட்டவர் இவர்தான் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பங்குக் கேக்கைக் காகிதத்தில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கணவர் அதைத் தின்றபடியே கைபேசியைத் தள்ளினார். பொத்தான் வரவில்லை. அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். கேக்கின் கடைசித் துண்டு தட்டிலேயே காய்ந்தது.

முதலில் சாப்பாடு ஆறியது. பிறகு பேச்சு ஆறியது. ஒரு நாள் சலவைக்கூடத்தில் எச்சரிக்கை மணி அடித்து, மேற்பார்வையாளர் ஓடி வந்து தானே வால்வைத் திறந்தார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார்களா என்று அங்கே ஒரே கேலி. கணவர் அதை வீட்டில் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த மாதம் மணி மறுபடி அடித்தபோது கேலி செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. இன்னொரு முறை என்றால் வெளியே போக வேண்டியதுதான் என்று மேற்பார்வையாளர் நேருக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அக்கா செயலியை அழித்துப் பார்த்தார். மாலைக்குள் அது திரும்ப வந்துவிட்டது. கணவர் சத்தியம் செய்தார். அதுவும் அப்படித்தான் ஆனது. கடைசியில் வெட்கத்தை விட்டு ஆய்வுப் பெண்ணிடம் போய், அந்தப் பொத்தானைத் திரும்ப வைக்க முடியாதா என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் உண்மையாகவே வாடியது. "நேரம் ஆச்சுன்னு ஞாபகப்படுத்துற வசதி ஒண்ணு உள்ள இருக்குக்கா. அவர்தான் அத ஆன் பண்ணிக்கணும். கட்டுப்பாடு எல்லாம் அவர் கையிலதான் இருக்கு."

"நீ எப்படிம்மா சமாளிக்கிற?"

"நானா? நான் இத போன்ல வெச்சுக்கிறதே இல்லக்கா."

அவள் அதை மறைக்கவும் இல்லை, பெருமையாகச் சொல்லவும் இல்லை. வெங்காயம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

மூன்றாவது முறை மணி அடித்ததே கணவரின் காதில் விழவில்லை. தண்ணீர் வற்றி, உள்குழாய்கள் கருகி, பாய்லர் நின்றது. யாருக்கும் காயமில்லை. நனைந்த விரிப்புகள் மலையாகக் குவிந்து நாறத் தொடங்கின. அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசியில் குடியிருப்பைக் காலி செய்து, கடைவீதிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குக் குடிபோனார்கள். சாமான்களோடு பிளாஸ்க்கும் வந்தது.

இப்போது கணவர் பகலெல்லாம் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜ் தீர்ந்து திரை கறுத்தால் மட்டும் கீழே வைப்பார். வைத்தால் பழைய மனிதர் மெல்லத் திரும்புவார், பசிக்கிறது என்பார், பழுது பார்க்கும் பட்டறையில் ஆள் கேட்கிறார்கள், நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்பார். அதைக் கண்டுகொண்ட அக்கா, இரவில் தானே சார்ஜ் போட்டுக் கொடுத்துவிட்டு, பகலில் சார்ஜரை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தார். தேடத் துணியும் அளவுக்கு அவருக்கு இன்னும் வெட்கம் கெடவில்லை. ஒரு முறை அவர் பட்டறை வரைக்கும் போய்விட்டு வந்தார். மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வுப் பெண் மீண்டும் அழைத்தாள். அதே அறை, அதே கேமரா. வேலை போன செய்தி அவளுக்குத் தெரியும், வருத்தம் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"இப்ப உங்க வீட்டுக்காரர் எப்பக்கா போன கீழ வைக்கிறாரு?"

அக்காவுக்குப் பதில் நாக்கின் நுனி வரை வந்தது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது அவர் பிறவிக் குணம். கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். யாரோ நெற்றியை முட்டிய கறை அங்கே இருந்தது.

"வைக்கிறதே இல்லம்மா."

அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். கண்ணில் ஒரு கணம் வந்து போனது மகிழ்ச்சியா, குற்ற உணர்வா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. வேறு நிறத்தில் இன்னொரு பிளாஸ்க் கொடுத்தாள்.

பட்டறைக்குப் போக வேண்டிய நாளில், கணவர் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்திருந்தார். சார்ஜ் தீரும் நேரத்தைக் கணித்து அக்கா சாப்பாட்டை எடுத்துவைத்தார். இதோ திரை கறுக்கும், இதோ நிமிர்வார் என்று காத்திருந்தார். திரை கறுக்கவில்லை. முன்பு இல்லாத ஒரு சின்ன மணிச்சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். அடுத்த வீடியோவின் பாதியைப் புகைமூட்டமாகக் காட்டி, கீழே எழுத்து ஓடியது: 'சார்ஜரை இணையுங்கள். சுவையான ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது.'

அக்கா சொல்லவில்லை. வேறு எங்கோ, வேறு ஓர் அறையில், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடும் வேறொருவர் சொல்லியிருக்கிறார்.

கணவர் தலை தூக்கினார். பல நாட்களுக்குப் பிறகு மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சார்ஜர எங்க வெச்ச?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினார்.