பாதாம் மரத்துக்காக அகலமாக்கிய ஜன்னல்

அடுத்தவர் வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்து கொடுப்பது என் தொழில். புதுச்சேரியில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. விடுதி, காபிக் கடை, பிரான்சிலிருந்து திரும்பியவர்களின் வீடு என்று ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்துவிடும். எல்லோரும் "நேச்சுரலா இருக்கணும்" என்பார்கள். மூங்கிலும் கூழாங்கல்லும் வாங்கிப் போட்டுச் செய்து தருவேன். மாலையில் ஸ்கூட்டரை லாஸ்பேட்டைக்குத் திருப்பும்போது இடுப்பு விட்டுப்போயிருக்கும். மாடியிலிருந்த என் வீட்டு ஹாலில் சாமான் நிறைந்து கிடந்தது. அதை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டிலேயே கிடந்தவர், பள்ளியில் கற்ற பிரெஞ்சைத் தூசி தட்டி, அந்த மொழிப் புத்தகங்களில் சீனாவின் தாவோ தத்துவத்தைப் படிக்கத் தொடங்கினார். ஒரு நாள் ஷோகேஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊருக்கெல்லாம் செஞ்சி தர்ற. நம்ம ஊட்டையும் கொஞ்சம் காலி பண்ணேன். மூச்சு முட்டுது."

"தாவோல அப்படித்தான் போட்டிருக்குதா?"

"இயற்கைய இழுத்துப் புடிக்காம, அது போற போக்குல நாமளும் போவணும். எனக்குப் புரிஞ்சது அவ்ளோதான்."

எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் அவர் அப்படி எதையும் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

பக்கத்துக் காலி மனையில் ஒரு நாட்டுப் பாதாம் மரம் நின்றது. அதை வைத்தே ஹாலை யோசித்தேன். ஷோகேஸ், டிவி ஸ்டாண்டு, சோபா எல்லாம் வெளியே போயின. மாதா படம் மட்டும் அதே ஆணியில் இருந்தது. மரத்தைப் பார்த்த சுவரில் ஜன்னலை அகலமாக்கி, பாயில் படுத்தாலும் இலை தெரியும்படி கீழே இறக்கினோம். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குக் கோரைப் பாய், அவர் சாய்ந்துகொள்ள ஒரு பிரம்பு நாற்காலி. வேறொன்றும் இல்லை. பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுத் தூசி, மாலையில் என் வீட்டுத் தூசி. முடிந்த அன்று குளிக்கக்கூட முடியாமல் பாயில் சரிந்தேன். பழுத்த இலை ஒன்று சுழன்று இறங்குவதைப் பார்த்தபடியே தூங்கிப்போனேன்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு காலையில் ரம்பச் சத்தம் கேட்டது. இறங்கி ஓடினேன். மனைக்காரத் தம்பி ஆட்களோடு நின்றிருந்தார்.

"தம்பி, மரத்த வெட்டறீங்களா?"

"ஊடு கட்டப் போறேன்க்கா. மரம் நிக்கிற எடத்துலதான் பில்லர் வருது."

"கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?"

அவர் சங்கடத்தோடு என் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். "இருக்கறதே சின்ன மனைக்கா. எங்க தள்றது?"

படியேறி மேலே வந்தேன். மதியத்துக்குள் மரம் தரையில் கிடந்தது. மறுநாள் காலை வெயில் நேராக ஹாலுக்குள் விழுந்தது. சுண்ணாம்புச் சுவரில் பட்டுக் கண் கூசியது. நான் டேப்பை எடுத்து ஜன்னலை அளக்க ஆரம்பித்தேன். மூங்கில் திரை போடலாம், செடித் தொட்டிகளை அடுக்கலாம். மற்றவர்களுக்கு நான் செய்வதெல்லாம் கைக்குத் தானாக வந்தது.

"எதுவும் செய்யாத. கொஞ்ச நாள் அப்படியே உடு," என்றார் அவர்.

"உங்க தாவோவுக்கு வெயில் சுடாதா?" கத்திவிட்டேன். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஒரு மரத்த நம்பி உக்காந்தோமே!"

அவர் எழுந்து பாயைச் சுருட்டி, நிழல் இருந்த மூலையில் விரித்து, அங்கே போய்ப் படுத்தார். நானும் டேப்பைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். சண்டையை நீட்டக்கூட உடம்பில் தெம்பில்லை.

கோடை முழுக்க அப்படித்தான் இருந்தோம். வெயில் நகர நகரப் பாயும் நகர்ந்தது. எதிரில் பில்லர் எழுந்தது, பிறகு சுவர். கடைசியில் என் ஜன்னலுக்கு எதிரே ஒரு ஆள் நுழையும் சந்தும், அதற்கப்பால் சிமெண்டுப் பூச்சும் மட்டும் தெரிந்தன. வெயில் நின்றது. வானமும் போனது.

பூச்சு காய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அந்தச் சுவர் பளீரென்று பச்சையாக இருந்தது. எந்த வீட்டுக்கும் நான் அனுமதிக்காத பச்சை. மனைக்காரத் தம்பி சந்தில் நின்று சிரித்தார்.

"மரம் போச்சேன்னு வருத்தப்பட்டீங்களே. அதான்க்கா இந்தப் பக்கம் மட்டும் பச்ச அடிக்கச் சொன்னேன். நல்லாருக்கா?"

"நல்லாருக்குது தம்பி," என்றார் என் கணவர், நான் வாயைத் திறப்பதற்குள்.

திரை போடுவதைப் பற்றி அதற்கப்புறம் நான் பேசவில்லை. வேலையில்லாத நாட்களில் மதியம் பாயில் படுத்துக்கொள்கிறேன். உச்சி வெயில் சந்துக்குள் இறங்கும் கொஞ்ச நேரம் மட்டும் எங்கள் சுண்ணாம்புச் சுவர் வெளிர்பச்சையாகிறது. அது அழகா என்று யோசிப்பதில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்தபடி குறட்டை விடுகிறார். எனக்கும் கண் செருகிவிடுகிறது.