கமிதூன் மிதித்த பெடல்

தாளத்தில் நிற்காதவன் என்று சொல்லி, கமிதூன் தன் இசைக் குழுவிலிருந்து அமூதை விரட்டி இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அமூதுக்கு லூப் பெடல்தான் கூட்டாளி. காலால் ஒருமுறை மிதித்தால் கிட்டாரில் வாசிப்பதைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி மிதித்தால் அதையே ஓயாமல் திருப்பி ஒலிக்கும். சஹாரா பாலைவன ஊரான தமன்ராசெட்டின் கல்யாணங்களுக்கு இப்போது அவன் ஒருவனே போதும்.

அன்றைய கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் கமிதூன் வந்து கிட்டாரைப் பிடுங்கினான்.

"பெட்டியை மிதிக்கிறவனெல்லாம் வித்வானாடா? தள்ளு!"

"வாங்கண்ணே, நீங்களே மிதிங்க."

பெண்களின் கைதட்டல் தாள அடிகளுக்கு நடுவில் விழும்; அதை நம்பி மிதித்தால் பெடல் திருப்பி ஒலிக்கும் சுற்று கெடும். ஒரு மாதம் தடுமாறி இதைக் கற்றிருந்த அமூத், கமிதூனுக்கு அதைச் சொல்லாமல் டீ டம்ளரோடு ஒதுங்கி உட்கார்ந்தான்.

கமிதூன் கிட்டாரை வாசித்து, கைதட்டலை நம்பி மிதித்தான். அரைத் தாளம் குறைந்த சுற்று, திரும்பும்போதெல்லாம் நொண்டியது. ஆடியவர்கள் கால் இடறி நின்றார்கள். பெண்கள் குலவையிடுவதை மறந்து சிரித்தார்கள்.

"டேய், இதை நிறுத்துடா!"

"உங்க தாளம்தானே அண்ணே? ஊரு கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அமூத், வழக்கப்படி கடைசியாக வரும் இனிப்பான மூன்றாவது டீயை நிதானமாக உறிஞ்சினான்.