அட்டையில் வராத வளைவு

என் லேபிளை இன்னொருவர் கையில் கொடுத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. உண்மையில் கொடுத்தேனா என்பதில்தான் எனக்கு இப்போது குழப்பம்.

தல்லாகுளத்தில் நான் ரவிக்கைக் கடை வைத்திருந்தேன். கடை என்று சொல்வது நான் மட்டும்தான். வருகிறவர்கள் பொட்டிக் என்பார்கள், என்னை டிசைனர் என்பார்கள். கழுத்தின் உள்பக்கம் என் கையெழுத்தை நெய்த சின்ன லேபிள் இருக்கும். எங்கள் ரவிக்கைக்கு இருந்த பெருமை ஒன்றுதான். மணவறையில் மாலை மாற்றக் கையைத் தூக்கினாலும் அது மேலே ஏறாது. அதற்காகவே வெளியூரிலிருந்து கல்யாணப் பெண்கள் வந்தார்கள்.

என் மகனுக்குத் துணியில் நாட்டம் இல்லை. அதனால் என்னோடு இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பெண்ணிடம் கடையையும் லேபிளையும் ஒப்படைத்தேன். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. எங்கள் சௌராஷ்டிரச் சொந்தக்காரர் ஒருவர், “நம்ம ஆளுகளே கிடைக்கலையாக்கும்?” என்று கேட்டார். “அவளைவிட நம்ம ஆளு யாரு?” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வரைவது, நிறம் பார்ப்பது, பூவேலை, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் அவள். வெட்டுவது மட்டும் நான். வெட்டும் மேசைப் பக்கம் யாரையும் விடமாட்டேன். “நிழல் விழுது, தள்ளி நில்லுங்க” என்பேன். ஜன்னலோர மேசை, நிழல் விழத்தான் செய்தது.

ஒப்படைத்த அன்று அவள் அப்பா கொண்டுவந்த வெற்றிலையைத் தட்டில் பரப்பி, அதன்மேல் என் கத்தரிக்கோலையும் மாதிரி அட்டைகளையும் வைத்துக் கொடுத்தேன். துணிமேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவதற்கான அட்டைகள் அவை. “எல்லாம் இதுக்குள்ள இருக்கு தாயி” என்றேன். அவள் காலில் விழுந்தாள்.

எல்லாம் அதற்குள் இல்லை. அட்டைப்படி கோடு போட்டபின், கை சேரும் முன்பக்க வளைவில் மட்டும் என் கத்தரிக்கோல் கோட்டை விட்டு நகக்கண் அளவு உள்ளே போய் வரும். ரவிக்கை மேலே ஏறாமல் இருப்பது அதனால்தான். அதை நான் எந்த அட்டையிலும் வரைந்ததில்லை. ஒப்படைத்த நேரத்தில் அது என் நினைவில் இருந்ததா, இல்லையா? எத்தனையோ முறை அந்தத் தட்டையும் வெற்றிலையையும் கண்முன் கொண்டுவந்து பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் கழித்து, ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண், இப்போதெல்லாம் உங்கள் ரவிக்கை கையைத் தூக்கினால் மேலே ஏறுகிறது என்று எங்கள் வீட்டு மொழியில் என் மனைவியிடம் குறைப்பட்டாள். கேட்டதும் எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம், இப்போது கடையை நடத்துகிறவளே ஃபோன் செய்தாள்.

“அண்ணே, கார்டுல எதும் விட்டுப்போச்சா? வெட்ட வெட்ட ஒண்ணும் சரியா வர மாட்டேங்குது.”

“எல்லாம் அதுலயே இருக்கு தாயி. வெட்டுற மாஸ்டரைக் கவனி” என்றேன்.

என் இடத்தில் வெட்ட வைத்திருந்த அந்த மாஸ்டரை அவள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். அடுத்து வந்தவரும் நிலைக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு காலையில் வீட்டுக்கு வந்தாள். கையில் லேபிள்கள் இருந்த அட்டைப்பெட்டி, தோள்பையில் மாதிரி அட்டைகள். ஒரு கல்யாண வீட்டில் ஒன்பது ரவிக்கைகளையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

“பேரு மட்டுந்தான் அவரு பேருன்னு அந்தக் கல்யாண வீட்டம்மா எல்லாரு முன்னாடியும் சொல்லிருச்சுண்ணே. உங்க பேரை என் கையால கெடுக்க மாட்டேன். நீங்களே வச்சுக்கங்க. நான் வேற ஏதாச்சும் பேர்ல தச்சுக்கிறேன்.”

பெட்டியை மேசைமேல் வைத்தாள். அப்போதுதான் சொன்னேன். வளைவையும் சொன்னேன், ஃபோனில் சொன்ன பொய்யையும் சொன்னேன். இரண்டு வாய் சோற்றைக்கூடச் சொன்னேன்.

“நிழல் விழுது நிழல் விழுதுன்னு இருபத்திரண்டு வருசமா வெரட்டுனீங்களேண்ணே, இதுக்குத்தானா?” என்றாள்.

“தெரியலை தாயி.”

“உங்களுக்கே தெரியலைன்னா நான் யாரைப் போய்க் கேக்க?”

ஓர் அட்டையை எடுத்துப் போட்டு, பென்சிலைக் கொடுத்தாள். “வரைங்க.”

வரைந்தேன். பார்த்தால் தப்பு. அழித்து வரைந்தேன், அதுவும் தப்பு. என் கைக்குத் துணியில்தான் அது தெரிந்திருந்தது, காகிதத்தில் வரவில்லை. நான் இன்னமும் நடிப்பதாக அவள் நினைத்திருக்கலாம்.

உள்ளே போன என் மனைவி பழைய படுக்கை விரிப்பொன்றை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். கோடு போட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். இந்த முறை அந்தப் பெண் என் தோளை ஒட்டியே நின்றாள். நிழல் விழுந்தது. வளைவு வந்ததும் கை தானாக உள்ளே போய் வெளியே வந்தது.

வெட்டிய துணியை அட்டைமேல் வைத்து அவளே கோடு இழுத்தாள். பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் நடுவே தன் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“இம்புட்டை வச்சுக்கிட்டா ரெண்டு மாஸ்டரை வீட்டுக்கு அனுப்ப வச்சீங்க?”

அட்டைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தாள். “வாரேண்ணே” என்று சொல்லி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லேபிள் பெட்டி எங்கள் மேசையிலேயே இருக்கிறது. மறந்து போனாளா, வேண்டுமென்றே விட்டுப் போனாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஃபோன் செய்து கேளுங்கள் என்று என் மனைவி தினமும் சொல்கிறாள். நான் எப்படிக் கேட்பேன்? தெரிந்தே செய்தீர்களா என்ற அதே கேள்வியை அவள் என்னிடம் கேட்டாளே, பதில் சொல்ல முடிந்ததா என்னால்? சாப்பிடும்போது பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.