தொலைந்த பந்துக்கு இன்னொன்று

விளையாட்டுத் திடலுக்கும் லாரி ஓடும் சாலைக்கும் நடுவே இடுப்பளவு கம்பிவேலி ஒன்றுதான். அதை ஒட்டித் தையல் கடை வைத்திருப்பவளைப் பிள்ளைகள் பந்தம்மா என்பார்கள். பந்து வேலி தாண்டினால் யாரும் பின்னால் ஓடக் கூடாது. அவளிடம் வந்து சொன்னால், துண்டுத்துணி அடைத்துத் தைத்த வேறு பந்து கிடைக்கும். மீறிச் சாலையில் இறங்கியவனின் காது அவள் கையில் இருக்கும். அப்பன் வந்து கெஞ்சினாலும் விடமாட்டாள். வேலியை உயர்த்தச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவளுக்கும் ஒரு மகன் இருந்தான். வாங்கிக் கொடுக்கிற பந்தையெல்லாம் தொலைத்துவிட்டு வருவான். ஒருநாள் புதுப் பந்தைக் கையில் கொடுக்கும்போது, எல்லா அம்மாக்களும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

"இதையும் தொலைச்சுட்டு வீட்டுக்கு வந்துடாத."

அன்று சாயங்காலம் பந்து வேலியைத் தாண்டியது. அவன் பின்னாலேயே ஓடினான். லாரி நின்றபோது, பந்து எதிர்ப்பக்கத்து ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

இப்போதெல்லாம் சில பிள்ளைகள் பந்தை ஒளித்துவைத்துக்கொண்டே வந்து நிற்கிறார்கள். இன்றும் ஒரு பையன் அப்படி வந்து நிற்க, பக்கத்து டீக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"உங்க தலையில நல்லா மொளகா அரைக்கிறானுங்கக்கா. இவன் பந்து கால்சட்டைப் பையிலயே இருக்கு, பாருங்க."

பை புடைத்திருந்ததை அவள் முன்பே பார்த்திருந்தாள். ஊசியில் நூலைக் கோத்தபடியே பந்துக் கூடையைக் காலால் பையன் பக்கம் தள்ளினாள்.

"இருக்கட்டும் தம்பி. தொலைச்சுட்டேன்னு வந்து நிக்கிறான்ல."