திருப்புளியக்கா திறந்த வெள்ளைப் பெட்டி

மூடியிருக்கும் எதையும் திருப்புளியக்காவால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்வது அவள் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் தபாலோடு சரி; எந்நேரமும் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு திரிவதால் தெரு முழுக்க அவள் திருப்புளியக்காதான். கல்யாணமான மறுவாரமே கணவரின் தையல் மிஷினைக் கழற்றிப் பாய் நிறையப் பரப்பிவிட்டாள்.

"நமக்குச் சோறு போடுறதே அதுதான், அதுல போய் கை வெச்சியே!" என்று தையல்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மிஷின் முன்னைவிட நன்றாக ஓடியது. அதை மனிதர் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

அவள் தொழிலுக்கு வந்த காலத்தில் வாஷிங் மெஷினைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நேரக் குமிழ் திரும்பும், பெல்ட் சுற்றும், எது மக்கர் செய்கிறதோ அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு நகத்தளவு சிப் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. துணியை எடை பார்க்கிறது, தண்ணீரை அளக்கிறது, கோளாறு என்றால் வீட்டுக்காரரின் போனுக்கே தகவல் அனுப்புகிறது. திறந்து பார்த்தாலோ கறுப்பாக, கமுக்கமாகக் கிடக்கும்.

"உள்ள உட்கார்ந்து என்னதான்டா பண்றே?" என்று அதையே கேட்பாள்.

போன வருடம் அவளுக்கே ஒரு சிப் வைத்தார்கள். இதயம் நடுநடுவே துடிக்க மறந்து, இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தாள். நெஞ்சில் தோலுக்கடியில் பேஸ்மேக்கரைப் பதித்த டாக்டர், கட்டிலருகே வைத்துக்கொள்ள ஒரு வெள்ளைப் பெட்டியும் கொடுத்தார்.

"உங்க இதயம் எப்படி இருக்குன்னு இது எங்களுக்குச் சொல்லிட்டே இருக்கும். இனி வரப்போற பேஸ்மேக்கரெல்லாம் மாத்திரை அளவுதான், நேரா இதயத்துக்குள்ளயே போயிடும்."

"எப்படி டாக்டர் சொல்லும்?"

"அதெல்லாம் அதுவே பார்த்துக்கும்மா. நீங்க எதையும் தொட வேண்டாம்."

யாரிடம் போய் எதைச் சொல்கிறார் பாருங்கள்!

அன்றிலிருந்து அவள் தும்மினாலும் தையல்காரர் பெட்டியின் பச்சை விளக்கைத்தான் எட்டிப் பார்ப்பார். விளக்கு எரிந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

நெஞ்சில் இருப்பதைத் திறக்க முடியாது. பெட்டியைத் திறக்கலாமே? ஒரு நாள் காலை, அவர் கடைக்குக் கிளம்பியதும் பிளக்கைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றினாள். உள்ளே ஒரு சிம் கார்டு! "அட, என் இதயத்துக்குத் தனியா ஒரு போன் நம்பரா!" சின்னக் குழந்தைபோல் சிரித்தாள். சிம்மை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், அடுக்களையில் அவளுடைய போன் அடித்து ஓய்ந்ததுகூடக் காதில் விழவில்லை.

மத்தியானத்துக்குள் கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் டேப், காலில் செருப்பில்லை, தையல்காரர் நின்றார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்... உன்கிட்டேர்ந்து தகவலே வரலைன்னாங்க. நீயும் போனை எடுக்கல..."

"உங்களுக்கா பண்ணாங்க?"

"பெட்டி கொடுத்தன்னிக்கே, ஏதாவதுன்னா யாருக்குச் சொல்லணும்னு கேட்டாங்க. எந்நேரமானாலும் எனக்கே பண்ணுங்கன்னேன்."

சிப்பிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு. அங்கிருந்து இந்த மனுஷருக்கு. அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் பொருத்தி மூடி, பிளக்கைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இனிமே திறக்கணும்னா நான் இருக்கறப்ப திற. உள்ள என்ன இருக்குன்னு நானும் பார்க்கணும்."